ஏறும் பாதையும் கடக்கும் பாதையும்: நீலகிரி, ஆரியங்காவு ரயில் தடங்களை முன்வைத்து

கேள்வி

தமிழில் ‘மலை ரயில்’ என்றால் அது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் ரயில்தான். வேறு எந்தத் தடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூருக்கு இறங்கும் பாதையும் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் ஊடுருவுகிறது. பாலங்களும் குகைகளும் அங்கேயும் உண்டு. எஞ்சின் திணறும் ஏற்றங்களும் உண்டு. ஆனாலும் தென்காசி வட்டாரத்தில் அது வெறும் ‘கொல்லம் ரயில்’தான். முதல் தடம் 1899 ஜூனில் குன்னூர் வரை திறக்கப்பட்டது. இரண்டாவது 1904-இல் செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்தது. இடைவெளி ஐந்தே ஆண்டுகள். இரண்டும் மீட்டர் கேஜ். இரண்டும் ஏறவேண்டியது ஒரே மலைத்தொடரில். அப்படியிருக்க, ஒன்றில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டன. மற்றொன்று வழுவழுப்பான இரு தண்டவாளங்களோடு நின்றுவிட்டது. ஏன்?

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, நீலகிரி செங்குத்தானது, ஆரியங்காவு தாழ்வானது என்பது. நிலவியல் அளவில் இதில் பிழையில்லை. ஆனால் இது பாதி விடை. ஒரு தடத்தின் சரிவை மலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தத் தடத்தில் எதை ஏற்றப் போகிறோம், எவ்வளவு ஏற்றப் போகிறோம், அதற்கு யார் பணம் போடுகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நீலகிரித் தடம் மலைமேல் ஏறுவதற்காகப் போடப்பட்டது. ஆரியங்காவுத் தடம் மலையைக் கடப்பதற்காகப் போடப்பட்டது. எஞ்சினின் வடிவம் முதல் நூறாண்டு கழித்து அந்தத் தடத்துக்கு நேர்ந்த கதி வரை எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிடிமானத்தின் கணக்கு

மலை ரயிலைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை எஞ்சினின் வலிமையைப் பேசுகின்றன. உண்மையில் எஞ்சினை முதலில் கைவிடுவது அதன் வலிமை அல்ல, சக்கரத்தின் பிடிமானம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் ரயில் மலிவாக ஓடுவதற்குக் காரணமே அதுதான். அதே குணம் ஏற்றத்தில் பகையாகிறது. எவ்வளவு நீராவி இருந்தாலும், பிடிமானத்தின் எல்லையைத் தாண்டிவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சக்கரங்களின் மீது 50 டன் எடை இறங்கும் ஓர் எஞ்சின் இருப்பதாகக் கொள்வோம். காய்ந்த தண்டவாளத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 டன் இழுவிசையை அது வழுக்காமல் தரும் என்று வைத்துக்கொள்வோம். நீலகிரியில் பல்சட்டம் உள்ள பகுதியின் உச்சச் சரிவு 12.5-க்கு 1: பன்னிரண்டரை அடி முன்னே போவதற்குள் ஓர் அடி மேலே ஏறியாக வேண்டும். அந்தச் சரிவில் ஒவ்வொரு டன் எடையும் 80 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். 10 டன் இழுவிசையால் எஞ்சினையும் சேர்த்து 125 டன்தான் ஏறும். எஞ்சினைக் கழித்தால் பெட்டிகளுக்கு மிஞ்சுவது 75 டன். இதுவும் வெயில் காலத்துக் கணக்கு. மழையில் பிடிமானம் பாதியாகக் குறைந்தால் இழுவிசை 5 டன், ஏறக்கூடிய மொத்த எடை 62 டன் சொச்சம். அதாவது எஞ்சின் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போகும்போது கூடவே ஒரு பெட்டி வந்தால் பெரிது. அதே எஞ்சினை 40-க்கு 1 என்ற சரிவில் விட்டால் ஒரு டன்னுக்கு 25 கிலோதான் எதிர்ப்பு. காய்ந்த தண்டவாளத்தில் 350 டன்னையும் மழையில் 150 டன்னையும் அது பின்னால் கட்டி இழுக்கும். உருளும் எதிர்ப்பு, வளைவுகளின் உராய்வு ஆகியவற்றையும் சேர்த்தால் எண்கள் இன்னும் குறையும். விகிதம் பெரிதாக மாறாது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது மழை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ரயில் ஓட்டுவது என்றால் மழையில் ஓட்டுவது என்றே பொருள். தென்மேற்குக் காற்று ஆரியங்காவு இடைவெளி வழியாகப் புகுந்துதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. சாரல் வந்த அதே வாசல் வழியாகத்தான் ரயிலும் வந்தது. ஆண்டில் சில மாதங்கள் தண்டவாளம் நனைந்தே கிடக்கும் இடத்தில், வெயில் காலத்துப் பிடிமானத்தை நம்பி எந்தப் பொறியாளரும் சரிவை நிர்ணயிக்க மாட்டார். ஏறுவதைவிட இறங்குவது இன்னும் ஆபத்து. பிரேக் பிடித்த சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் சறுக்கத் தொடங்கினால், அதன்பின் பிரேக் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

பல் பிடிக்கும் விதம்

இந்தச் சிக்கலுக்குச் சுவிஸ் பொறியாளர்கள் கண்ட வழி, பிடிமானத்தை உராய்விடமிருந்து பறித்துப் பல்லிடம் கொடுப்பது. நிக்லாஸ் ரிகன்பாக் 1871-இல் ரிகி மலையில் அத்தகைய தடத்தை ஓட்டிக் காட்டினார்; 1880-களின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் வந்து பார்த்தார். ஆனால் நீலகிரியில் கடைசியாகப் போடப்பட்டது ரோமன் ஆப்ட் வகுத்த முறை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றொன்றில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரங்களும் அப்படியே மாறி மாறிப் பல் கொண்டவை. ஒரு பல் விடுபடும் நேரத்தில் பக்கத்துப் பல் முழுதாகக் கவ்வியிருக்கும். குலுக்கலும் குறையும், நழுவவும் வழியில்லை.

ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 1914 தொடங்கிச் செய்யப்பட்ட எக்ஸ் வகை எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சக்கரமும் பல்லும் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வேலை கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டாக, மேலும் கீழுமாக நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ளவை உயர் அழுத்தச் சிலிண்டர்கள். அவை தண்டவாளத்தின் மீது ஓடும் சக்கரங்களைச் சுழற்றும். மேலே உள்ளவை தாழ் அழுத்தச் சிலிண்டர்கள். அவை பற்சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டியதும் ரயில் நடை வேகத்துக்கு இறங்கிப் பல்சட்டத்துக்குள் நுழையும். அப்போது கீழ்ச் சிலிண்டர்களில் வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டர்களுக்குத் திருப்புவார்கள். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கும். எஞ்சின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கத்து முனையில், அதாவது பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டி உருண்டுபோக முடியாது, எஞ்சின் தாங்கிக்கொள்ளும். இது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று விசில் சத்தத்துக்கு ஏற்பக் கையால் பிரேக்கைத் திருகுகிறார்.

நுட்பத்தின் அழகை ஒப்புக்கொண்டே விலையையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சுமார் 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் நெருங்குகிறது. நான்கைந்து சிறு பெட்டிகளுக்கு மேல் கிடையாது. எஞ்சின், பற்சக்கரம், பெட்டியின் பிரேக் என்று எல்லாம் இந்த ஒரு தடத்துக்கென்றே செய்யப்பட வேண்டும். பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது இந்தியாவின் வேறு எந்தத் தடத்திலிருந்தும் ஒன்றைக் கொண்டுவர முடியவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. பொன்மலைத் தொழிலாளர்கள் அதைச் செய்து காட்டியது பெருமைக்குரிய சாதனை. அத்தகைய சாதனை தேவைப்பட்டதே இந்தத் தடத்தின் தனிமைக்குச் சான்று.

பல் கட்டாயமா?

நீலகிரியின் உயரத்துக்குப் பல்சட்டம் தவிர வேறு வழியில்லை என்பதே நடப்பிலுள்ள புரிதல். இதை மறுக்கும் சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையின் மலையகப் பாதை 1867-இல் கண்டியை எட்டியது, 1885-இல் நானுஓயாவை, 1924-இல் பதுளையை. பட்டிப்பொலையில் அது 1,890 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. குன்னூர் ரயில் நிலையத்தைவிட அதிக உயரம். அந்தப் பாதையில் ஒரு பல்கூடக் கிடையாது. அது குறுகிய பாதையும் அல்ல. ஐந்தரை அடி அகலப்பாதை. கடுகண்ணாவை ஏற்றத்தில் சரிவு 44-க்கு 1. மலையைச் சுற்றிச் சுற்றி நீளத்தைக் கூட்டினார்கள். தெமோதரையில் பாதை தன் மீதே ஒரு வளையம் போட்டுக் குகைக்குள் நுழைகிறது. டார்ஜிலிங் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 1881-இல் இரண்டடிப் பாதையை வண்டிச் சாலையின் ஓரமாகவே போட்டு, வளையங்களையும் முன்பின் திருப்பங்களையும் வைத்து, கூம் நிலையத்தில் 2,250 மீட்டரையும் தாண்டியது. அங்கேயும் பல் இல்லை. எஞ்சினின் முன்னால் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போன தொழிலாளியின் கைதான் அந்தத் தடத்தின் பல்.

ஆக, மூன்று வழிகள் திறந்திருந்தன. நீலகிரியில் ஏன் மூன்றாவது வழியான பல்சட்டம்? கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறவேண்டிய உயரம் சுமார் 1,300 மீட்டர். 40-க்கு 1 என்ற சரிவில் போனால் இதற்கு 52 கிலோமீட்டர் பாதை வேண்டும். பல்சட்டத்தோடு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் முடிந்துவிட்டது. மிச்சமான 30 கிலோமீட்டருக்கு வெட்டும் பாறையும் கட்டும் பாலமும் மிச்சம். இந்தச் சிக்கனம் யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் விடை தெளிவாகிறது. நீலகிரித் தடத்தைத் தொடங்கியது தனியார் கம்பெனி. 1885-இல் உருவான முதல் கம்பெனி வேலையை முடிக்காமலே கலைந்தது. 1896-இல் இன்னொன்று உருவாகித்தான் பாதை குன்னூரைத் தொட்டது. 1903-இல் அரசு விலைக்கு வாங்கியது. முதலுக்கே தடுமாறிய கம்பெனிக்குக் குறுகிய பாதைதான் எட்டும். ஏற்ற வேண்டியதும் பெரும் பாரம் அல்ல. கோடையில் சென்னை அரசாங்கமே குடிபெயர்ந்த ஊர் உதகை. அதிகாரிகளும் குடும்பங்களும் அவர்களது சாமான்களும்தான் முக்கியச் சுமை. மெதுவாகப் போனாலும் பாதகமில்லை, போய்ச் சேர்ந்தால் போதும்.

இலங்கையில் நிலைமை வேறு. கண்டிச் சீமையின் காப்பி மூட்டைகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியாக வேண்டும். பிறகு அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அரிசியும் ஆட்களும் மேலே ஏறியாக வேண்டும். அந்த ஆட்களில் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து போனவர்கள் ஏராளம். அவ்வளவு பாரத்தைப் பல்லில் ஏற்றி இறக்கினால் தோட்டத்துரைகளுக்குக் கட்டுபடியாகாது. எனவே நீளத்துக்குச் செலவழித்தார்கள், சரிவைக் குறைத்தார்கள். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுமை வேறு, ஆகவே தடம் வேறு.

கணவாயின் தர்க்கம்

தென்காசி வட்டாரத்து ராயகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவராக நிற்கிறது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று தெற்கே வரவர அந்தச் சுவர் தொடர்கிறது. 1927-இல் திறந்த விருதுநகர்–தென்காசிப் பாதை ராஜபாளையத்தைத் தாண்டியதும் இந்த அடிவாரத்தை விட்டு விலகி, சங்கரன்கோவில் பக்கம் போய், பாம்பக்கோவில் சந்தை வழியாகக் கடையநல்லூருக்குத் திரும்புகிறது. மலையடிவாரத்து ஊர்களுக்குச் சாலை இருக்கிறது, ரயில் இல்லை. ரயில் மலையோடு மோத விரும்பவில்லை; மலை தானாக வழிவிடும் இடத்துக்காகக் காத்திருந்தது. அந்த இடம் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு.

இங்கே ரயிலுக்கு மலைமேல் வேலை இல்லை. திருநெல்வேலிச் சமவெளியையும் கொல்லம் துறைமுகத்தையும் இணைப்பதே நோக்கம். திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசாங்கமும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் கைகோத்த திட்டம் இது. அன்று செங்கோட்டையே திருவிதாங்கூருக்குள் இருந்தது. 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. குகை வாயிலில் செதுக்கிய திருவிதாங்கூரின் சங்கு முத்திரை அந்த அரசியலுக்குச் சாட்சி. கணவாய்த் தடத்தில் சரக்கு வண்டி போக வேண்டும். இரு பக்கமும் உள்ள சமவெளிப் பாதையின் பெட்டிகள் மாறாமல் அப்படியே கடக்க வேண்டும். பல்சட்டம் போட்டிருந்தால் புனலூரிலும் செங்கோட்டையிலும் வண்டியைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, பெட்டிகளைக் குறைத்துத்தான் விட்டிருக்க முடியும். சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்டு நேரே கொல்லம் சேர்ந்த கொல்லம் மெயில் என்ற வண்டியே இருந்திருக்காது. பல்சட்ட முறை தெரியாமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகளாக அது நீலகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. 1908 முதல் அந்தத் தடத்தையும் நடத்தியது அதே தென்னிந்திய ரயில்வே.

பல்லுக்குப் பதில் இங்கே பயன்பட்டது பின்னால் தள்ளும் எஞ்சின். ரயில்வேக்காரர்கள் இதை ‘பேங்கர்’ என்பார்கள். முன்னே ஓர் எஞ்சின் இழுக்கும், பின்னே ஒன்று தள்ளும். இரண்டையும் முன்னாலேயே கட்டினால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்தால் வண்டியின் முழுப் பாரமும் முதல் பெட்டியின் இணைப்பில் தொங்கும். பின்னாலிருந்து தள்ளும்போது பாரம் பங்காகிறது. நடுவில் இணைப்பு விட்டுப்போனாலும் பின் எஞ்சின் தாங்கும். இறக்கத்தில் அதுவே கூடுதல் பிரேக். மும்பைக்குக் கிழக்கே போர்காட் ஏற்றத்தில், 37-க்கு 1 என்ற சரிவில், கர்ஜத்திலிருந்து லோனாவாலாவுக்கு வண்டிகள் ஏறுவதும் இப்படித்தான். ஆரியங்காவின் மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்கள் இந்தப் பணியைச் செய்தன. அகலப்பாதை வந்த பிறகும் முறை மாறவில்லை.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். ஆரியங்காவுத் தடம் சில நூறு மீட்டர் உயரமே ஏறுகிறது, அதை நீலகிரியோடு ஒப்பிடுவதே தவறு என்பது முதலாவது. உயரம்தான் அளவுகோல் என்றால் மறுப்பு சரி. ஆனால் உயரத்தை அளவுகோலாக வைப்பதே இங்கே கேள்விக்கு உள்ளாகிறது. ஏற்றத்தில் எஞ்சின் சந்திப்பது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை அல்ல. சரிவையும் வளைவையும் ஈரத்தையும் பின்னால் கட்டிய பாரத்தையும். தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே கழுதுருட்டியில் சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்தவர்கள், அதைச் சமவெளிப் பாதை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நோக்கம்தான் தடத்தைத் தீர்மானித்தது என்றால், நீலகிரியிலிருந்தும் தேயிலை இறங்கியதே, அங்கே ஏன் இலங்கை வழி பின்பற்றப்படவில்லை? இதற்கு நிலத்தின் பங்கை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். குன்னூர் மலைச்சரிவு நெருக்கமானது. சுற்றிப்போக இடம் தரும் பள்ளத்தாக்குகள் கண்டிப் பாதைக்குக் கிடைத்த அளவு இங்கே இல்லை. எனினும் குன்னூருக்கு மேலே உதகை வரை நீட்டியபோது பல்சட்டம் கைவிடப்பட்டது. அங்கே பீடபூமி இடம் கொடுத்தது. நிலம் சில வழிகளை விலையேற்றி வைக்கிறது. அந்த விலையைக் கொடுப்பதா என்பதை முதல் போடுபவர் தீர்மானிக்கிறார். நோக்கமும் நிலமும் ஒன்றையொன்று விலக்கும் விளக்கங்கள் அல்ல. இதுவரை நிலத்தை மட்டுமே பேசிவந்ததுதான் குறை.

மூன்றாவது மறுப்பு மரபைப் பற்றியது. நீலகிரியைக் காப்பாற்றிவிட்டோம், ஆரியங்காவின் மீட்டர் கேஜை அழித்துவிட்டோம் என்ற ஆதங்கம் பலருக்கு உண்டு. நீலகிரி 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் 2010 செப்டம்பரில் நிறுத்தப்பட்டு, 2018-இல்தான் அகலப்பாதையாக முழுமை பெற்றது. அந்த எட்டு ஆண்டுகள் கணவாயில் ரயில் இல்லை. பாரமெல்லாம் புளியரை வளைவுகளில் லாரிகளின் மீது விழுந்தது. ஆதங்கம் நியாயமானது. ஆனால் அகலப்பாதை ஆக்கியதைத் துரோகம் என்று நான் கருதவில்லை. கடப்பதற்காகப் போட்ட பாதை, கடக்கும் வண்டிகள் மாறும்போது தானும் மாறியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் அகலப்பாதை வந்த பிறகு நடுவில் துண்டாக நின்று செத்திருக்கும். அது மாற முடிந்ததே 1904-இன் பொறியாளர்கள் சரிவைக் கட்டுக்குள் வைத்ததால்தான். பெரும்பாலும் பழைய தடத்தின் மீதே புதிய பாதை போடப்பட்டது. பதின்மூன்று கண் பாலத்தின் மீதுதான் இன்றும் வண்டி போகிறது. பல்சட்டம் போட்டிருந்தால் இந்த வாய்ப்பு இருந்திருக்காது. நீலகிரி மாறாமல் இருப்பது அதன் சிறப்பு என்கிறோம். அதற்கு மாற வழியில்லை என்பதும் உண்மை.

எஞ்சியிருக்கும் வேலை

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. நீலகிரியின் ஒவ்வொரு எஞ்சினுக்கும் எண்ணும் பிறந்த ஆண்டும் பதிவாகி இருக்கின்றன. அதன் 16 குகைகளும் 208 வளைவுகளும் பயணிகளுக்கான கையேட்டில்கூட இடம்பெறுகின்றன. ஆரியங்காவில் நீராவி எஞ்சினுக்குக் கரி தள்ளியவர்கள், சாரல் நாளில் சக்கரம் வழுக்கியபோது மணல் போட்டு வண்டியை நகர்த்தியவர்கள், பின் எஞ்சினில் நின்று முன் எஞ்சினின் விசிலுக்குப் பதில் விசில் கொடுத்தவர்கள், மண் சரிந்த இரவில் விளக்கோடு தடத்தில் நடந்த கேங்மேன்கள் ஆகியோரின் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. அது பல்லுக்கு மாற்றாக மனிதர்கள் கொடுத்த பிடிமானம். மீட்டர் கேஜ் நின்று பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன; நீராவிக் காலத்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். செங்கோட்டை, தென்காசி வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்த ஆண்டே ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணைகளுக்குப் போக வேண்டும்.